கன்சோலுக்கு வயதாகிறது, கேம் இன்னும் வரவில்லை

நாட்டி டாக் என்ற அமெரிக்க ஸ்டுடியோவின் கணக்கை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்கு அவர்கள் நான்கு கேம்கள் கொடுத்தார்கள். 1996, 1997, 1998 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று ‘க்ராஷ் பேண்டிகூட்’, 1999-ல் அதே க்ராஷை வைத்து ஒரு கார்ப் பந்தயம். இரண்டாவது பிளேஸ்டேஷனுக்கு 2001 முதல் 2005 வரை ‘ஜாக்’ வரிசையில் நான்கு. மூன்றாவதற்கு 2007 முதல் 2013 வரை ‘அன்சார்ட்டட்’ மூன்று, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஒன்று, ஆக மறுபடியும் நான்கு. நான்காவதற்கு 2016, 2017, 2020 என்று மூன்று. ஐந்தாவது பிளேஸ்டேஷன் 2020 நவம்பரில் கடைக்கு வந்தது. 2025 நவம்பரில் அதற்கு ஐந்து வயது நிறைந்தபோது, நாட்டி டாக் அதற்கென்று புதிதாக எழுதி, புதிதாக வரைந்து வெளியிட்ட கேம் ஒன்றுகூட இல்லை. பழைய கேம்களுக்கு மெருகு போட்டு விற்றார்கள். பலர் சேர்ந்து ஆடும் ‘லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஒன்றை ஆண்டுக்கணக்கில் செய்து 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் ‘இன்டர்கலாக்டிக்’ என்ற புதிய கேமின் ட்ரெய்லரைக் காட்டினார்கள்.

நான்கு, நான்கு, நான்கு, மூன்று, பூஜ்யம். இந்த ஐந்து எண்களுக்குள் கன்சோல் உலகத்தின் முப்பது வருஷக் கதை இருக்கிறது. இந்த ஸ்டுடியோவுக்குத் திறமை வற்றிப்போகவில்லை. பணமும் ஆளும் முன்பைவிடப் பல மடங்கு. ஆனாலும் ஒரு கேம் பிறக்க ஆகும் காலம், அந்த கேம் ஓட வேண்டிய இயந்திரத்தின் ஆயுளை எட்டிப் பிடித்துவிட்டது. ‘இது எங்கள் பெட்டியில் மட்டும்தான் கிடைக்கும்’ என்று சொல்லி விற்கும் எக்ஸ்க்ளூசிவ் கேம்களுக்கு இதனால் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எக்ஸ்க்ளூசிவ் வழக்கம் ஏன் தளர்கிறது என்று கேட்டால் நிறுவனங்களின் கொள்கை மாற்றத்தையும் தலைவர்களின் மனமாற்றத்தையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அவையெல்லாம் பின்னால் வந்தவை. முதல் காரணம் நாள்காட்டி.

எக்ஸ்க்ளூசிவ் என்ற ஏற்பாட்டின் அடியில் எளிய கணக்கு ஒன்று உண்டு. கன்சோல் நிறுவனம் பெட்டியைப் பெரும்பாலும் லாபமில்லாமல், சில சமயம் நஷ்டத்துக்கே விற்கிறது. பெட்டி வீட்டுக்குள் நுழைந்த பிறகு விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு கிடைக்கும், அதில்தான் பிழைப்பு. பெட்டியை வாங்க வைப்பதற்குத் தூண்டில் வேண்டும். அந்தத் தூண்டில்தான் எக்ஸ்க்ளூசிவ். ஒரு கன்சோலின் ஆயுள் ஆறேழு வருஷம். அதில் முதல் மூன்று வருஷங்களுக்குள் தூண்டில் விழுந்தால்தான் மீன் சிக்கும். அதற்குப் பிறகு வந்தால், வாங்க வேண்டியவர்கள் எதிராளியின் பெட்டியை வாங்கிவிட்டிருப்பார்கள். ஆகவே கேம் எப்போது முடிகிறது என்பது ஸ்டுடியோவின் உள்வேலை மட்டுமாக இருக்க முடியாது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் நடக்கும் போட்டியின் தலையெழுத்தே அதில் இருக்கிறது.

நம் ஊரில் தீபாவளி ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டிவிட்டால், படம் முடிந்ததோ இல்லையோ தீபாவளி வந்துவிடும். கன்சோலுக்கும் அப்படி ஒரு தீபாவளி உண்டு: நவம்பர் மாதம். அமெரிக்காவில் பரிசுப் பொருள் வாங்கும் காலம் அது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன், சோனியின் பிளேஸ்டேஷன் 3, 4, 5 எல்லாமே அங்கே நவம்பரில் வந்தவை. தொழிற்சாலை அந்தத் தேதிக்கு இயந்திரத்தை முடித்துக் கொடுத்துவிடும். கேம் ஸ்டுடியோவால் அப்படி உறுதி சொல்ல முடிவதில்லை.

இரண்டு கடிகாரமும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சேகா நிறுவனம் 1995-லேயே பாடம் காட்டியது. சாட்டர்ன் கன்சோல் செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவுக்கு வரும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். சோனியை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் மே 11 அன்று, இ3 கண்காட்சி மேடையிலேயே, ‘இன்று முதல் கடைகளில் கிடைக்கும்’ என்று அறிவித்தார்கள். விலை 399 டாலர். அன்றே சோனி தன் பிளேஸ்டேஷனின் விலையை 299 என்று சொன்னது. விலையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. வெளி நிறுவனங்கள் அத்தனையும் செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்தன. இயந்திரம் நான்கு மாதம் முன்னால் வந்தது, அவர்களுடைய கேம்கள் வரவில்லை. அந்தக் கோடை முழுக்க சாட்டர்ன் வாங்கியவர்களுக்கு ஆட இருந்தது கைப்பிடி அளவு கேம்கள்தான், அவையும் பெரும்பாலும் சேகா தானே செய்தவை. உலை வைத்துவிட்டு அரிசி வாங்க ஆள் அனுப்பிய கதை.

சோனி அந்தக் காலத்தில் வென்றதற்குப் பல காரணங்கள். அவற்றில் வேகமும் ஒன்று. நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’-ஐ மூன்று சிடிக்களில் அடக்கி 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. அடுத்த பாகம் 1999-ல், அதற்கடுத்தது 2000-ல். நாலு வருஷத்துக்குள் ஒரே இயந்திரத்தில் மூன்று பெரும் காவியங்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ராக்ஸ்டார் இதே வேகத்தில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வைக் கொண்டுவந்தது. 2001 அக்டோபர், 2002 அக்டோபர், 2004 அக்டோபர் என்று மூன்று பாகங்கள், மூன்றும் முதலில் பிளேஸ்டேஷன் 2-ல். எக்ஸ்பாக்ஸ்காரர்கள் ஒரு பாகத்துக்காகக் காத்திருந்து வாங்குவதற்குள் அடுத்த பாகம் அந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. காலக்கெடு வைத்த எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் வேலை செய்ய இந்த வேகம்தான் வேண்டும். அதே வரிசையில் ஐந்தாம் பாகம் வந்தது 2013-ல். ஆறாம் பாகத்துக்கு அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19. பதின்மூன்று வருஷம் காத்துச் செய்த ஒன்றை ஒரே பெட்டிக்குள் பூட்டி வைக்க எந்தக் கன்சோல் நிறுவனத்தாலும் விலை கொடுத்து மாளாது.

நிலைமை மாறத் தொடங்கிய இடம் 2005-06. எச்.டி தொலைக்காட்சிகள் வந்தன, திரையில் புள்ளிகள் பெருகின, ஒவ்வொரு புள்ளியையும் நிரப்ப ஆள் தேவைப்பட்டது. பிளேஸ்டேஷன் 3-க்குள் சோனி வைத்த செல் பிராசஸர் சக்திவாய்ந்தது, ஆனால் பழகுவதற்கு முரண்டு பிடிப்பது. சோனியின் கன்சோல்களை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஒரு பேச்சில் இதைக் கணக்காகவே காட்டினார். புதிய இயந்திரத்தைப் புரிந்துகொண்டு திரையில் உருப்படியாக முதல் படத்தை வரவைக்க ஒரு நிரலாளருக்கு ஆகும் காலம் எவ்வளவு? முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றிரண்டு மாதம். இரண்டாவதில் மூன்று முதல் ஆறு மாதம். மூன்றாவதில் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். ஒரு வருஷம் போன பிறகும் கேம் தொடங்கியிருக்காது. இயந்திரத்தோடு அறிமுகம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அதன் விளைவை வாங்கியவர்கள் அனுபவித்தார்கள். ‘கில்ஸோன் 2’ என்று 2005 இ3-யில் காட்டிய ட்ரெய்லர் அரங்கத்தையே மலைக்க வைத்தது. கேம் வந்தது 2009 பிப்ரவரியில். ‘கிரான் டூரிஸ்மோ 5’ முந்தைய பாகத்துக்கு ஆறு வருஷம் கழித்து, பல தேதிகள் தள்ளிப்போட்டு, 2010 நவம்பரில் வந்தது. கேம் இயக்குநர் ஃபூமிட்டோ உவேதாவின் ‘தி லாஸ்ட் கார்டியன்’ பிளேஸ்டேஷன் 3-க்கென்று 2009-ல் அறிவிக்கப்பட்டு, 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-ல் வந்து சேர்ந்தது. எந்தப் பெட்டியை விற்க அதை அறிவித்தார்களோ, அந்தப் பெட்டிக்கு அது வரவே இல்லை. இதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு வருஷம் முன்னாலேயே எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இறக்கி, 2006 நவம்பரில் ‘கியர்ஸ் ஆஃப் வார்’, 2007 செப்டம்பரில் ‘ஹாலோ 3’ என்று சரியான நேரத்தில் அடித்தது. சோனி பின்னால் ஓடிப் பிடித்ததற்கு அந்தத் தலைமுறை முழுவதும் தேவைப்பட்டது.

தாமதம் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தையே எப்படிக் கரைக்கும் என்பதை ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ காட்டுகிறது. 2006-ல் அறிவித்தபோது பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும். இரண்டு வருஷம் கழித்து 2008 இ3-யில், மைக்ரோசாஃப்டின் மேடையில், எக்ஸ்பாக்ஸிலும் வரும் என்று ஸ்கொயர் எனிக்ஸ் சொன்னது. அதன் கூடவே அறிவித்த ‘வெர்சஸ் 13’ இதைவிட நீண்ட கதை. 2006-ல் பிளேஸ்டேஷன் 3 எக்ஸ்க்ளூசிவ். 2013-ல் பெயர் மாறி ‘ஃபைனல் ஃபேன்டஸி 15’ ஆகி, பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் என்று ஆனது. கடைக்கு வந்தது 2016 நவம்பர் 29. பத்து வருஷம். யாரும் துரோகம் செய்யவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது, 2006-ல் நம்பிய வாடிக்கையாளர் கூட்டம் 2008-ல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நீண்ட நாள் சமைத்த சாப்பாட்டை ஒரு வீட்டுக்கு மட்டும் பரிமாறினால் கட்டுப்படியாகாது. அதே நிறுவனம் 2023-ல் ‘16’-ஐயும் 2024 பிப்ரவரியில் ‘7 ரீபர்த்’தையும் மறுபடி பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் கொடுத்துப் பார்த்தது. 2024 மே மாதம், இனி எல்லாக் கருவிகளிலும் வெளியிடுவதே எங்கள் திட்டம் என்று அறிவித்தது.

இங்கே செர்னியின் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அவருடைய பட்டியல் மூன்றாவது பிளேஸ்டேஷனோடு நிற்கவில்லை. நான்காவதில் அந்தக் காலம் மறுபடி ஒன்றிரண்டு மாதமாகக் குறைந்தது, ஐந்தாவதில் ஒரு மாதத்துக்கும் கீழே போனது. அப்படியானால் கேம்கள் வேகமாக வந்திருக்க வேண்டும். நேர்மாறாக நடந்தது. இந்த ஒன்று போதும், இயந்திரத்தின் கடினம் நோயின் வேர் இல்லை என்று காட்ட. காலத்தைத் தின்பது கேமுக்குள் இருக்கும் பண்டம்.

ஒரு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். க்ராஷ் பேண்டிகூட்டின் உடம்பு முழுவதும் 512 பலகோணங்கள். அவனுடைய காட்டில் ஒரு மரம் என்றால் சில தட்டையான வடிவங்கள், நிறம், முடிந்தது. இன்றைய கேமில் ஒரு சமையலறை என்றால் அலமாரிக்குள் இருக்கும் டப்பாக்களுக்கு லேபிள் வேண்டும். லேபிளில் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் தெரிய வேண்டும். கதவைத் திறந்தால் கை சரியாகக் கைப்பிடியில் பதிய வேண்டும், அந்தக் கைக்கு நடிகர் ஒருவர் உடம்பெல்லாம் குறிப்பந்துகள் ஒட்டிக்கொண்டு நடித்துக் கொடுத்திருப்பார். சத்தம் தனி, எதிரொலி தனி. இயக்குநர் கதையை மாற்றி ‘இந்தச் சமையலறைக் காட்சி வேண்டாம்’ என்று சொன்னால், பத்துப் பேரின் பல மாத உழைப்பு குப்பைக்குப் போகும். அப்படிப் போவது அபூர்வமும் இல்லை. விளையாடுபவர் அந்த அறையில் இருபது விநாடி இருப்பார்.

இதற்கு என்ன விலை என்பது வெளியே தெரிய வந்த விதமே விசித்திரமானது. 2023 ஜூன் மாதம், மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து அமெரிக்க வணிகக் கண்காணிப்பு ஆணையம் நடத்திய வழக்கில் சோனி ஓர் ஆவணம் தாக்கல் செய்தது. ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்துவிட்டு ஸ்கேன் செய்திருந்தார்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு மைக்கு அடியில் எண்கள் தெரிந்தன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’-க்கு 22 கோடி டாலர், உச்சத்தில் சுமார் 200 பேர். ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’டுக்கு 21.2 கோடி டாலர், ஐந்து வருஷம், உச்சத்தில் 300 பேர். இரண்டாவதை மாதவாரியாகப் பிரித்தால் சராசரியாக மாதம் 35 லட்சம் டாலர். அதாவது ஒரு கேம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்ற செய்தியை நாம் படிக்கும்போது, அதற்குப் பின்னால் இரண்டு கோடி டாலர் எரிகிறது. அதே ஆண்டு டிசம்பரில் இன்சோம்னியாக் ஸ்டுடியோவிலிருந்து திருடிக் கசியவிட்ட கோப்புகள் ‘ஸ்பைடர் மேன் 2’-க்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் என்றன. சோனியில் பொறுப்பில் இருந்த ஷான் லேடன் 2020-லேயே எச்சரித்திருந்தார்: ஒவ்வொரு கன்சோல் தலைமுறைக்கும் செலவு இரட்டிப்பாகிறது, விலை மட்டும் அப்படியே நிற்கிறது, இது தாங்காது.

மைக்ரோசாஃப்டின் கதை இதைவிட வருத்தம் தருவது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது அதை வாங்க ஒரே ஒரு காரணம் போதுமானதாக இருந்தது: ‘ஹாலோ’. இரண்டாம் பாகம் 2004, மூன்றாவது 2007, ‘ரீச்’ 2010, நான்காவது 2012, ஐந்தாவது 2015. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தப்பாமல் வந்துகொண்டிருந்தது. ஆறாவதாக ‘ஹாலோ இன்ஃபினிட்’ 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸோடு சேர்ந்து வருவதாகத் திட்டம். ஜூலையில் சில நிமிடக் காட்சியைக் காட்டினார்கள். அதில் ஒரு முரட்டு எதிரியின் முகம் உயிரில்லாமல் மொழுக்கென்று இருந்தது; ரசிகர்கள் அந்த முகத்துக்குக் கிரெய்க் என்று பெயர் வைத்து உலகம் முழுக்கப் பரப்பினார்கள். ஆகஸ்டில் கேம் தள்ளிப்போனது. நவம்பர் 10 அன்று கன்சோல் ஹாலோ இல்லாமல் கடைக்கு வந்தது. கேம் வந்தது 2021 டிசம்பர் 8. கிரெய்க்கைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், அந்தக் கேமைச் செய்த ஸ்டுடியோவில் பலர் பதினெட்டு மாதத்துக்கு மேல் தொடர முடியாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதை அறிந்திருப்பார்கள்? ஆறு வருஷம் ஓடும் வேலையில் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கை மாறினால், கற்றதெல்லாம் கதவு வழியாக வெளியே போய்விடும். சொந்தமாக எழுதிய என்ஜினின் பழக்கமும் அவர்களோடு போகும். அந்த ஸ்டுடியோ 2024-ல் தன் பெயரையும் மாற்றிக்கொண்டு, இனி எல்லோரும் அறிந்த அன்ரியல் என்ஜினில்தான் வேலை என்று முடிவெடுத்தது. இதை நான் சரியான முடிவு என்றே நினைக்கிறேன், பத்து வருஷம் தாமதமான சரியான முடிவு.

எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்தில் அலமாரி காலியாக இருந்ததை மைக்ரோசாஃப்ட் உணராமல் இல்லை. ‘ஸ்கேல்பௌண்ட்’ 2014-ல் அறிவித்து 2017 ஜனவரியில் ரத்து. ‘கிராக்டவுன் 3’ 2014-ல் அறிவித்து 2019-ல் வெளியீடு. இதற்கு மருந்தாக 2018 இ3 மேடையில் நான்கு ஸ்டுடியோக்களை வாங்குவதாகவும், தி இனிஷியேட்டிவ் என்று புதிதாக ஒன்றைத் தொடங்குவதாகவும் அறிவித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். வாங்கிய நான்கில் கம்பல்ஷன் ஸ்டுடியோவின் அடுத்த பெரிய கேம் 2025 ஏப்ரலில் வந்தது. நிஞ்ஜா தியரியின் ‘ஹெல்பிளேட் 2’ 2024 மே மாதம். அன்டெட் லேப்ஸின் ‘ஸ்டேட் ஆஃப் டிகே 3’-ம் பிளேகிரவுண்டின் ‘ஃபேபிள்’-உம் 2020-ல் அறிவிக்கப்பட்டு, 2025 முடியும்வரை வரவில்லை. தி இனிஷியேட்டிவ் ஏழு வருஷத்தில் ஒரு கேமும் வெளியிடாமல், அதன் ‘பர்ஃபெக்ட் டார்க்’ ரத்தாகி, 2025 ஜூலையில் மூடப்பட்டது. 750 கோடி டாலருக்கு பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தையும், 6,870 கோடிக்கு ஆக்டிவிஷனையும் வாங்கினார்கள். பணம் ஸ்டுடியோவை வாங்கித் தரும். அந்த ஸ்டுடியோவின் அடுத்த ஐந்து வருஷத்தை முன்கூட்டியே ஓட்டிக் காட்டப் பணத்தால் ஆகாது.

அந்த ஐந்து வருஷத்துக்குள் சந்தை தன் முடிவை எடுத்துவிட்டிருந்தது. எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் 2023-ல் இதை வெளிப்படையாகவே சொன்னார். எக்ஸ்பாக்ஸ் ஒன் தலைமுறையில் தோற்றதுதான் மிக மோசமான தோல்வி, ஏனென்றால் மக்கள் டிஜிட்டலாகக் கேம் சேர்க்கத் தொடங்கியது அப்போதுதான் என்பது அவருடைய வாதம். சிடி அலமாரியை ஒரு காலத்தில் விற்றுவிட்டுக் கட்சி மாற முடிந்தது. கணக்கோடு கட்டிப்போட்ட நூறு கேம்களை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள், ஒரு நல்ல கேமுக்காக. ஆகவே தாமதமாக வரும் எக்ஸ்க்ளூசிவ் முன்பைவிட இன்று பலமடங்கு வலுவிழந்தது. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் நான்கு கேம்களை மற்றக் கன்சோல்களுக்குத் திறந்துவிட்டது. 2025-ல் ‘ஃபோர்சா ஹொரைசன் 5’-ம் ‘கியர்ஸ்’-ம் பிளேஸ்டேஷனுக்குப் போயின. அக்டோபரில் முதல் ஹாலோவைப் புதிதாக உருவாக்கி 2026-ல் பிளேஸ்டேஷன் 5-லும் வெளியிடுவதாக அறிவித்தார்கள்.

சோனியும் அதே திசையில்தான் நகர்கிறது, கொஞ்சம் மெதுவாக. ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’ 2022 நவம்பரில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5-க்கு இரண்டு வயது. ஆனாலும் அது பிளேஸ்டேஷன் 4-லும் வந்தது. 2020 முதல் சோனியின் பெரிய கேம்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் போகின்றன. ஏறக்குறைய எட்டு வருஷம் எடுத்துச் செய்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கே போனது. சோனி வெளியிடும் கேம் மைக்ரோசாஃப்டின் பெட்டியில் ஓடும் என்று பத்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

நின்டெண்டோ மட்டும் இந்தக் கணக்கிலிருந்து தப்பித்த மாதிரி தெரியும். அவர்களும் அடிபட்டுத்தான் கற்றார்கள். எச்.டிக்கு அவர்கள் வந்தது 2012-ல், வீ யூ மூலம். அந்த வேலைக்கு எவ்வளவு ஆள் வேண்டும், காலம் வேண்டும் என்பதைக் குறைவாக எடைபோட்டார்கள். 2013-ல் பல மாதங்கள் கேம் இல்லாமல் கன்சோல் பட்டினி கிடந்தது. மொத்தமே 1.356 கோடி வீ யூக்கள்தான் விற்றன. ஆனால் அந்த இயந்திரத்துக்கென்று 2015-ல் வர வேண்டிய ‘செல்டா’ தள்ளித் தள்ளிப்போய், 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் கன்சோலோடு ஒரே நாளில் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆக வந்தது. சாகப்போகும் இயந்திரத்துக்காகச் செய்த கேம், பிறக்கும் இயந்திரத்துக்கு உயிர் கொடுத்தது. ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’-உம் முதல் ஸ்விட்ச்சுக்கென்று 2017-ல் தொடங்கி, 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2-ஓடு சேர்ந்து வந்ததுதான். தாமதத்தை அடுத்த பெட்டியின் திறப்பு விழாவாக மாற்றும் இந்தக் கலை வேறு யாருக்கும் இந்த அளவுக்குக் கைவரவில்லை.

அடுத்த செல்டாவான ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ விஷயத்தில் நடந்தது இன்னும் அருகில் போய்ப் பார்க்கத் தக்கது. அதில் எதையும் எதோடும் ஒட்டலாம்: பலகையைச் சக்கரத்தோடு, சக்கரத்தை ராக்கெட்டோடு. அதற்கு உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் எடையோடும் உராய்வோடும் நடந்துகொள்ள வேண்டும். செய்துகொண்டிருந்தபோது நாள்தோறும் ஏதாவது உடைந்தது, ஏதாவது பறந்துபோனது என்று அந்த அணியினரே பின்னால் பேசியிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் கேம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா அப்போதுதான் தள்ளிவைப்பதாக அறிவித்தார், ஒரு வருஷம் முழுவதும் மெருகேற்றுவதற்காக. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்களே, அதை ஒரு நிறுவனம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தது. 2023 மே 12 அன்று வெளியாகி, மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது.

இந்தப் பொறுமைக்கு அடித்தளம் உண்டு. முந்தைய கேமின் நிலப்பரப்பையே மறுபடி பயன்படுத்தினார்கள். எதிராளிகளின் இயந்திரத்தைவிடச் சக்தி குறைந்த இயந்திரத்தில், தலைமயிரை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லாத ஓவிய பாணியில் செய்தார்கள். ஒரு செல்டா தாமதமானால் மரியோவோ போக்கிமானோ இடத்தை நிரப்பும். அப்படியும் நின்டெண்டோவுக்கு எல்லாமே கைகூடவில்லை. 2017-ல் அறிவித்த ‘மெட்ராய்டு பிரைம் 4’-ஐ 2019 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டு அடியோடு மறுபடி தொடங்கினார்கள். அது வந்தது 2025 டிசம்பர் 4.

2024 செப்டம்பர் 6 என்ற தேதியை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் மேஜையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். பெரும் பணத்தையும் பல வருஷ உழைப்பையும் விழுங்கிய ‘கான்கார்ட்’ என்ற சோனி கேமின் சர்வர்களை அன்றுதான் மூடினார்கள். வெளியாகி இரண்டே வாரம். அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோவும் அடுத்த மாதம் மூடப்பட்டது. அதே நாளில் சோனியின் இன்னொரு கேம் வெளியானது, டோக்கியோவின் டீம் அசோபி செய்த ‘ஆஸ்ட்ரோ பாட்’. அறுபத்தைந்து பேர் வாக்கில் இருக்கும் அணி, மூன்று வருஷ வேலை. அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருது டிசம்பரில் அதற்குத்தான் கிடைத்தது. அந்த அணி எடுத்த முடிவுதான் முக்கியம்: சின்ன உலகங்கள், குறைந்த நீளம், ஒவ்வொரு மூலையிலும் ஒரு புதிய வேடிக்கை.

நீளத்தையும் பளபளப்பையும் குறைத்தால் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ‘லாஸ்ட் ஆஃப் அஸ்’ போன்ற ஒன்றை அறுபத்தைந்து பேரால் செய்ய முடியாது. அப்படிப்பட்டவை உலகத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் ஒரு கன்சோல் முழுவதும் அவற்றின் தோளில் மட்டும் நிற்க முடியாது என்பதையும், அந்தத் தோள் யாருடையது என்பதையும் மறக்கக் கூடாது. தேதி நெருங்கும்போது இரவு பகலாக வேலை வாங்கும் வழக்கத்தைத் துறையில் கிரஞ்ச் என்கிறார்கள். அப்படி உழைத்தும் கணக்கு உதைத்தால் முதலில் போவது உழைத்தவரின் வேலை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேர், பிப்ரவரியில் சோனியில் சுமார் 900 பேர் அனுப்பப்பட்டார்கள். சோனியின் லண்டன் ஸ்டுடியோவே இல்லாமல் போனது. ஒரு கேமுக்கு ஏழு வருஷம் ஆகிறது என்றால், இருபத்தைந்து வயதில் சேரும் ஒருவர் தன் உழைக்கும் காலத்தில் ஐந்தாறு கேம்கள்தான் செய்து முடிப்பார். அதில் ஒன்று ரத்தானால் உழைக்கும் காலத்தில் ஐந்தாறில் ஒரு பங்கு போயிற்று.

எக்ஸ்க்ளூசிவ்கள் நாளையே மறைந்துவிடாது. நின்டெண்டோவிடம் அவை இருக்கும். சோனியிடம் குறைவாக, அரிதாக, முதல் ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று இருக்கும். மைக்ரோசாஃப்டிடம் பேருக்கு இருந்தால் அதிகம். இதில் விளையாடுகிறவருக்கு நஷ்டமில்லை; நல்ல கேம் எந்தப் பெட்டியில் வந்தாலும் நல்ல கேம்தான். நஷ்டம் வருவது அறிவிப்பை நம்பிப் பணம் போடும்போதுதான். ஆகவே கன்சோல் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘விரைவில்’ என்று முடியும் ட்ரெய்லர் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று கடையில் கிடைக்கும் கேம்களில் உங்களுக்குப் பிடித்தவை எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்து தேறினால் வாங்குங்கள், தேறாவிட்டால் அடுத்த தீபாவளி வரை பொறுங்கள்.